ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு: எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிற முகத்தையே தொடுகிறார்கள், என்ன செய்யலாம்?

கேட்டவர்: திருப்பூர் டீச்சர்

வணக்கம். திருப்பூரில் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை சேர்த்து எடுக்கிறேன். எண்ணும் எழுத்தும் வகுப்பு. கற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்துப் பாடம் நடத்தவே நேரம் சரியாகப் போய்விடுகிறது. ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. மூன்று பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு பையன் இரண்டாவது படிக்கிறான். அவன் பென்சில் டப்பாவை யாராவது தொட்டால் வாயே திறக்க மாட்டான், நேராக அடிதான். இன்னொரு பெண் பிரேயர் முடிந்ததும் தினமும் வந்து "வவுறு வலிக்குதுங் டீச்சர்" என்பாள். மூன்றாவது, ஜூன் மாதம் சேர்ந்த ஒடிசாப் பெண். எழுதச் சொன்னால் எழுதுகிறாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். அவள் அழுதும் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை.

பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்லப் பழகட்டும் என்று மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என ஆறு முகம் வரைந்து சுவரில் ஒட்டினேன். காலையில் உள்ளே வரும்போது அவரவர் ஒரு முகத்தைத் தொட வேண்டும். எல்லாரும் சிரிக்கிற முகத்தையே தொடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே அழுது கண் வீங்கி வந்த பையனும் அதையே தொட்டான். ஏன்டா தங்கம் என்று கேட்டேன். "அதுதானுங் டீச்சர் கரெக்டு" என்றான்.

இதை வேறு எப்படிச் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டெல்லிவாசி

டீச்சர், இங்கே அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை, அன்றாட நேர அட்டவணையிலேயே அதற்கென ஒரு பீரியட். கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருவது, கதை, பேச்சு, செயல்பாடு என்று போனது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பரீட்சையும் இருக்கவில்லை, மார்க்கும் இருக்கவில்லை. உங்கள் பையன் "கரெக்டு" என்று சொன்னதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு சரியான விடை இருக்கும் என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பழக்கத்திலிருந்து அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

பதில்: புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, சார்ட்டைக் கழற்ற வேண்டாம், சுவரிலேயே இருக்கட்டும். காலையில் தொடச் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் குழந்தைதான் அழுகிற முகத்தைத் தொடும்?

உங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. அதை அடைத்து ஒரு துணிப் பொம்மை தைத்துக்கொள்ளுங்கள். பேரைப் பிள்ளைகளே வைக்கட்டும். அந்தப் பொம்மையும் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை. ஒருநாள் அதன் அம்மா நைட் ஷிப்ட் போய் இன்னும் வரவில்லை. ஒருநாள் சேர்ந்து விளையாடினவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "இவனுக்கு இப்போ எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடும் பிள்ளை, பொம்மையைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசும். என் வகுப்பில் ஒரு பெண் பொம்மைக்குக் "கதவுச் சத்தம் கேட்டாலே பயமா இருக்கும்" என்றாள். அவள் வீட்டைப் பற்றி அதற்குமேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது உடம்பு. ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் கோபம், பயம் என்று பேர் சொல்லத் தெரிவதற்கு முன்னாலேயே உடம்பு தெரியும். காது சூடாகிறது, கை குறுகுறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டை அடைக்கிறது. தரையில் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்துச் சாக்பீஸால் உடம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். பிள்ளை எழுந்ததும் அந்த உருவத்துக்குள், "கோபம் வந்தா எங்கே தெரியும்? பயம் வந்தா எங்கே?" என்று கலர் தீட்டச் சொல்லுங்கள். இதற்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒடிசாப் பெண்ணுக்கு நான் இதைத்தான் முதலில் செய்வேன். அவளுக்கு அண்ணன், அக்கா யாராவது மேல் வகுப்பில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். சொல்வதை அவள் மொழியிலேயே சொல்லட்டும்.

மூன்றாவதாகச் சொல்வது நான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டது. மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார்: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடம் செய்து மறந்துவிடுவோம். அதில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு வேண்டியது என்னவென்றால், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் அழுகை வரலாம். இருந்ததை இழந்து வரலாம். முன்பிருந்த நிலை மாறிப் போனதால் வரலாம். இல்லாமையால் வரலாம். ஊரையும் மொழியையும் விட்டுவிட்டு ஜூன் மாதம் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த மூன்றாவது காரணம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். வெகுளிக்குச் சொல்கிற நான்கும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற கேடுகள்தான்: உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்வது), அலை (வைதும் அடித்தும் அலைக்கழிப்பது), கொலை. காரணமில்லாமல் கோபம் வருவதாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. அதனால் அடிக்கிற பையனிடம் "ஏன் அடிச்சே" என்று கேட்காதீர்கள். அது விசாரணை, அவன் வாயை மூடிக்கொள்வான். அவன் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, "இந்த டப்பா யார் வாங்கித் தந்தது?" என்று கேளுங்கள்.

உவகைக்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று விளையாட்டு. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதற்கெல்லாம் மேல் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிள்ளை சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "கிணத்துப் பக்கம் நாய் இருக்கு, பயமா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் மறுநாள் அந்த வழியில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். கூட ஒரு பெரிய பிள்ளை வரட்டும், இல்லை நீங்களே ஒருமுறை நடந்து வாருங்கள். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறை சிரிக்கிற முகத்தைத்தான் தொடும். பிள்ளை சொன்னதை ஸ்டாஃப் ரூமில் பேசக் கூடாது. அப்பா அம்மாவை வரச் சொல்லி, "உங்க பொண்ணு இப்படிச் சொல்றா" என்று போட்டுக் கொடுக்கவும் கூடாது. அன்றைக்கு வீட்டில் அடி விழும், அதோடு முடிந்தது.

நீங்களும் சொல்லிக்காட்டுங்கள். "டீச்சருக்கு இன்னிக்குத் தலைவலி, சத்தம் கேட்டா எரிச்சல் வருது, கொஞ்ச நேரம் மெதுவாப் பேசலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அன்றைக்கு உங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்!

பதில்: ஈரோடு அப்பா

ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பையன் மூன்றாவது படிக்கிறான். இப்படி எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுப் பழக்கினால் பிள்ளைகள் சின்ன விஷயத்துக்கும் உடைந்துபோக மாட்டார்களா? "கோபமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடித்தால் அது சரியாகிவிடுமா? ஆண்பிள்ளை கொஞ்சம் தாங்கத்தானே வேண்டும்.

பதில்: புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை

நல்ல கேள்விங்க தம்பி. கோபம் வந்தது தப்பில்லை, அடித்தது தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அடித்ததற்கு என்ன செய்து சரிக்கட்டுவது என்பதையும் அவனே யோசிக்கட்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம், கிழிந்த பக்கத்தை ஒட்டித் தரலாம். கேட்டுக்கொள்வது என்றால் விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை.

ஆண்பிள்ளை தாங்க வேண்டும் என்கிறீர்கள். அழக் கூடாது என்று சொல்லி வளர்த்த பையன்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்கள் தாங்கிக்கொள்ளவில்லை தம்பி. பயம் வந்தாலும் அடிப்பார்கள், வெட்கம் வந்தாலும் அடிப்பார்கள், பாசத்துக்கும் அடிப்பார்கள். அவர்களிடம் மிஞ்சியிருந்தது கோபம் ஒன்றுதான். உங்கள் பையனுக்கு மற்றதும் இருக்கட்டும்.

பதில்: குழந்தைகள் மனநல ஆலோசகர், மதுரை

புதுக்கோட்டை அம்மா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வயிற்றுவலிப் பெண்ணைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

வயிற்றுவலியை உடனே மனசுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வயிற்றைப் பாருங்கள். சாப்பிட்டு வருகிறாளா? அரசு தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் நேரத்துக்கு வந்து அதைச் சாப்பிடுகிறாளா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறாளா என்றும் கவனியுங்கள். பெண்பிள்ளைகள் அடக்கி அடக்கி வைத்தே வயிற்றுவலி வந்து எங்களிடம் வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் அதன் பிறகு நேரத்தைக் கவனியுங்கள். சனி ஞாயிறு வலிக்கிறதா? எந்தப் பாடத்துக்கு முன்னால் வலிக்கிறது?

அடிக்கிற பையனுக்கு ஒன்று. கோபம் உச்சத்தில் இருக்கும்போது "உனக்கு என்ன தோணுது சொல்லு" என்று கேட்டால் அவன் காதில் விழாது. பக்கத்தில் நில்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், மூச்சு சீராகட்டும். அப்புறம் பேசலாம். உணர்ச்சிக்குப் பேர் சொன்னால் தணிகிறது என்பதை மூளை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். 2007இல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமான, பயந்த முகப் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சியின் பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள், அமைதியாகப் படுத்திருந்தவர்கள். வகுப்பில் சண்டை நடுவில் நிற்கிற ஏழு வயதுப் பையனிடம் அதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் பொம்மையை வைத்து, சண்டை இல்லாத நேரத்தில் பழக்குவது நல்லது.

கடைசியாக, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். பிள்ளைகள் பேசத் தொடங்கினால் சில நேரம் கேட்கவே முடியாத விஷயமும் வெளியே வரும். யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது, உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்துகொண்டவரின் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம். பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பது என்ற யோசனைக்கு யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பதில்: திருப்பூர் டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன், அதுதான் தாமதம்.

பொம்மைக்குப் பிள்ளைகள் குமார் என்று பேர் வைத்தார்கள். சாக்பீஸ் கோட்டுக்குள் ஒடிசாப் பெண் இரண்டு காதையும் சிவப்பாகத் தீட்டினாள். ஐந்தாவது படிக்கிற அவள் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்கள் இருக்கிற லைன் வீட்டுக்கு அடுத்த சுவர் நிட்டிங் யூனிட்டாம். ராத்திரி முழுக்க மிஷின் ஓடுமாம், தங்கச்சி தூங்கவே மாட்டாள் என்றான். வீட்டை என்னால் மாற்ற முடியாது. தலைமையாசிரியரிடம் கேட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் அவளைப் பாய் போட்டுத் தூங்க வைக்கிறேன். எழுந்த பிறகு பக்கத்துப் பெண்ணோடு கொஞ்சம் விளையாடுகிறாள்.

வயிற்றுவலிப் பெண்ணுக்கு ஆலோசகர் சொன்னதுதான். பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அவள் மட்டுமில்லை, நிறைய பேர் போகாமலே இருந்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் போட்டாயிற்று. வலி குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. சுகாதார நிலையத்திலும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

பென்சில் டப்பா அவன் அப்பா பொங்கலுக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்ததாம். அதற்கப்புறம் அப்பா வரவில்லை. இப்போது இன்டர்வெல்லுக்கு வெளியே போகும்போது டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். அடிப்பது இன்னும் இருக்கிறது, ஆனால் முன்னால் "டீச்சர்!" என்று ஒரு கத்து கத்துகிறான். நான் பக்கத்தில் போய்விட முடிகிறது.

ஒரே ஒரு சிக்கல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குமாரைச் சின்னப் பிள்ளைகளின் பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். அவர்களை என்ன செய்வது?

பதில்: புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை

குமாரை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு இன்று என்ன ஆயிற்று என்று மூன்றாம் வகுப்பு முடிவு செய்யட்டும், குரலும் அவர்களே கொடுக்கட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு பதில் சொல்லட்டும். வாரம் ஒரு ஜோடி என்று மாற்றி விடுங்கள். பென்சில் டப்பாப் பையன் அடுத்த வருஷம் மூன்றாவது போவான் இல்லையா, அவனுக்கும் அந்த முறை வரும்.