சூடானால் ஸ்டார்ட் ஆகாத பத்மினி: கோளாறு பிளக்கிலா, கரண்டிலா?

பத்மினி88:
வண்டி 88 மாடல் பிரீமியர் பத்மினி கார், பெட்ரோல், பாயிண்ட் இக்னிஷன் (எலக்ட்ரானிக் இல்லை, பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடி ஸ்பார்க் தரும் பழைய முறை). காலையில் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை ஓட்டி, டீ குடிக்க நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. நாலு பேர் தள்ளினால் செகண்ட் கியரில் எழுந்துவிடும். அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நாலும் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருக்கின்றன. புதுசு போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. மெக்கானிக் மறுபடியும் நாலையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

ஸ்பேனர்செட்:
மாற்றுங்கள் சார், யோசிக்காதீர்கள். கார்பரேட்டர் வண்டியில் ஸ்டார்ட்டிங் தகராறு என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பிளக்தான். செலவும் குறைவு, வீட்டு வாசலிலேயே வேலை முடியும். பீங்கானில் கரி படிந்துவிட்டால் கரண்ட் முனையில் தாவாது, கரி வழியாகவே பாடிக்கு இறங்கிப் போய்விடும். கை தாராளம் என்றால் இரிடியமே போடுங்கள். முனை மெல்லியது, குறைந்த வோல்டேஜிலேயே தாவும்.

டைனமோ:
கரிதான் காரணம் என்றால் காலையில் அல்லவா முதலில் மக்கர் பண்ண வேண்டும்? சோக் போட்டு பெட்ரோல் அதிகமாகப் போகும் நேரம் அது. இவர் வண்டி அப்போது சமர்த்தாகப் பிடிக்கிறது. பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வந்திருக்கிறது, நெருப்பு வரவில்லை. சாட்சியைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுக் குற்றவாளியைத் தேடாமல் இருக்கிறோம்.

தள்ளினால் எழுகிறது என்கிறாரே, அங்கேதான் விஷயம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கும். அந்த மிச்சம்தான் இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது). தள்ளும்போது மோட்டாருக்கு வேலையே இல்லை, காயிலுக்கு 12 வோல்ட் முழுசாகப் போகிறது. வழியில் எங்கேயோ கரண்ட் தேய்கிறது, இல்லையென்றால் பாயிண்டோடு இருக்கும் கண்டென்சரோ காயிலோ சூட்டில் படுக்கிறது. இரிடியம் போட்டாலும் கறுத்துத்தான் போகும், விலைதான் கூட.

ஸ்பேனர்செட்:
தள்ள ஆள் கூப்பிட்டு, நன்றி சொல்லி, கியர் போடுவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது அண்ணே? நிறுத்திய சூட்டில் கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) வழிந்திருக்கும். அது காய்வதற்கு அந்த நேரம் போதும். தள்ளினால் பிடிப்பதைக் கரண்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பத்மினி88, அடுத்த முறை சோக்கைத் தொடாதீர்கள், பெடலை மிதித்து மிதித்து விடாதீர்கள். முழுசாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

காங்கேயம்காளை:
இரண்டு பேரும் பங்க்கை மறந்துவிட்டீர்கள். இப்போது ஊற்றுவது இ20, நூறு லிட்டரில் இருபது லிட்டர் எத்தனால். பத்மினி வந்த காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் இதற்காகச் செய்ததே இல்லை.

டைனமோ:
ஹோஸ், டயாஃப்ரம் பற்றிச் சொன்னது உண்மை, பழைய ரப்பர் ஊதிப்போய் வெடிக்கும், கசிந்தால் தீப்பிடிக்கவும் வழி உண்டு. மாற்றட்டும். ஆனால் எத்தனால் கூடினால் கலவையில் காற்று கூடி லீன் ஆகும், லீன் ஆனால் பிளக் வெளுக்கும். இவருடையது கறுத்து நனைந்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் பங்க் மேல் பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தம்பி பத்மினி88, பிளக் நம்பர் என்ன? கேப் (முனைகளுக்கு நடுவே இடைவெளி) எவ்வளவு?

பத்மினி88:
நம்பர் எனக்குப் புரியவில்லை. முன்பு போஷ் இருந்தது, கடையில் அது இல்லை என்று என்ஜிகே கொடுத்தார்கள், அதே எண்ணாகப் பார்த்து. கேப் பார்க்கவே இல்லை. ‘பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடலாம்’ என்றார் கடைக்காரர். இப்போது ஃபீலர் கேஜ் வைத்தால் 0.9 மி.மீ. நுழைகிறது.

ஸ்பேனர்செட்:
இதோ! அதே எண்ணாம்! போஷில் எண் ஏற ஏறச் சூடான பிளக் (முனையில் சூடு தங்கும்), என்ஜிகே-யில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும்). நேர் எதிர். பழைய ஆட்கள் இன்னும் மைக்கோ பிளக் என்றுதான் கேட்பார்கள் (2008-ல் மைக்கோ போஷ் ஆகிவிட்டது), கடைப் பையனுக்கு இரண்டும் தெரியாது. குளிர்ந்த பிளக் போட்டால் முனையின் சூடு 450 டிகிரியைத் தாண்டாது, படிந்த கரி எரியாமல் அப்படியே நிற்கும். கேப் 0.9 என்பது புது எலக்ட்ரானிக் வண்டிக்கு. பாயிண்ட் வண்டிக்கு 0.6 போதும். நான் பிளக் என்று சொன்னது சும்மா இல்லை.

டைனமோ:
நம்பரும் கேப்பும் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சூட்டில் மட்டும் ஏன் என்பதற்கு அது பதில் இல்லையே.

தம்பி, இதைச் செய்யுங்கள். சூடாகி அடம் பிடிக்கும்போது, செல்ஃப் அடிக்கச் சொல்லி, காயில் பாசிட்டிவ் முனையில் மீட்டர் வையுங்கள். பிறகு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒரு வயரை நேராக அந்த முனைக்குக் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். பிடித்தால் கோளாறு நடுவழியில். பிடிக்காவிட்டால் கண்டென்சர், பாயிண்ட், காயில் என்று போகலாம். வயர் மாட்டியிருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். இன்ஜின் ஓடாமல் மாட்டி வைத்தால் காயில் வெந்துவிடும். பிளக்கை வெளியே எடுத்து ஸ்பார்க் பார்க்கும் வேலை வேண்டாம், நனைந்த பிளக், பெட்ரோல் ஆவி, தீ. அதுவுமில்லாமல் வெளியே நீலமாக அடிக்கும் பிளக் உள்ளே கம்ப்ரஷனில் அடங்கிப்போவதும் உண்டு.

பத்மினி88:
இன்று உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி எடுத்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 10.4, காயிலில் 7.1. பெடலை அழுத்திப் பிடித்தும் பார்த்தேன், பிடிக்கவில்லை. வயரைக் கொடுத்ததும் அரைச் சுற்றில் எழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டேன். சாவி சுவிட்சின் பின்பக்கம் தொட முடியாமல் சுடுகிறது. ஒரு வயர் மாட்டும் தகட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறது.

டைனமோ:
3 வோல்ட்டுக்கு மேல் அங்கே காணாமல் போகிறது. ஓட ஓடச் சூடாகும், சூடாக ஆக இன்னும் தேயும். காலையில் ஏன் பிடித்தது என்பதற்கும் இதுதான் பதில்.

ஸ்பேனர்செட்:
7.1-ல் 0.6 கேப் தாவியிருக்கும். 0.9 என்பதால்தான் படுத்தது. கேப்பைச் சரிசெய்துவிட்டு வயர் இல்லாமல் அடித்துப் பாருங்கள்.

டைனமோ:
இன்றைக்குத் தாவும். சுவிட்ச் இன்னும் கருகினால் நடுரோட்டில் ஓடும்போதே நிற்கும். சுவிட்சை மாற்றுங்கள், கூடவே காயிலுக்கு ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். சுவிட்சுக்குப் பாரம் குறையும்.

ஸ்பேனர்செட்:
சுவிட்ச் சரி, ரிலே வேண்டாம். கம்பெனியிலிருந்து அப்படியா வந்தது? இந்த வண்டிகளில் ஆளுக்கொரு வயர் ஒட்டி ஒட்டித்தான் பாதி வண்டி படுத்துக் கிடக்கிறது.

பத்மினி88:
கேப் 0.6 வைத்துவிட்டேன், சரியான நம்பர் பிளக்கும் சொல்லியிருக்கிறேன். ரிலே பற்றி நீங்கள் சண்டை போட்டு முடியுங்கள். சுவிட்ச் எங்கே கிடைக்கும்?

காங்கேயம்காளை:
சென்னை புதுப்பேட்டையில் பத்மினி சாமான் கேட்டுப் பாருங்கள். கழற்றிய சுவிட்ச் என்றால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், அதுவும் பழுப்பாகத்தான் இருக்கும். அப்படியே பெட்ரோல் ஹோஸும் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.