எதிரி நாட்டில் பிடிபட்டுத் திரும்பிய விமானியை மறுபடி பறக்க விடுவார்களா?

கண்டனூர்க்காரன்:
அக்கா மகன் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி விமானப்படைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தைப் பார்த்து வளர்ந்த பையன், வேறென்ன கேட்பான்! எங்கள் ஆத்தாதான் முட்டுக்கட்டை. 2019ல் பாகிஸ்தானில் பிடிபட்ட விமானி அபிநந்தனைக் கண்ணைக் கட்டி டி.வி.யில் காட்டியது அவர் மனதை விட்டுப் போகவில்லை. "திரும்பி வந்தாலும் வேலையில வச்சுக்குவாகளா, சந்தேகப்பட மாட்டாகளா?" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வாசகி:
வச்சுக்குவாக என்று சொல்லுங்கள். 1965 பாகிஸ்தான் போரில் ஹண்டர் போர் விமானத்தில் போய்ப் பிடிபட்ட நந்தா கரியப்பா பின்னாளில் ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றார். நம் முன்னாள் ராணுவத் தளபதி ஜெனரல் கரியப்பாவின் மகன் என்பதால் விட்டுவிடுகிறேன் என்று அப்போதைய பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் சொல்லியனுப்ப, மற்ற கைதிகளும் என் பிள்ளைகள்தான், இவனுக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார்.

தேவகோட்டை ராமு:
திரும்பியதும் மருத்துவப் பரிசோதனை, துருவித் துருவி விசாரணை எல்லாம் உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் உள்ள நடைமுறை, தண்டனை இல்லை. ஜெனீவா ஒப்பந்தப்படி பெயர், பதவி, பிறந்த தேதி, சேவை எண் இவ்வளவுதான் சொல்லக் கடமை. அபிநந்தனும் கையில் டீயோடு, அதற்கு மேல் சொல்ல முடியாது என்றுதானே நின்றார்.

என்னைக் கேட்டால் வேலையைத் தீர்மானிப்பது சிறை இல்லை, முதுகெலும்பு. விமானத்திலிருந்து தப்பிக்க இருக்கையோடு ராக்கெட் வேகத்தில் வெளியே எறியப்படும்போது தண்டுவட எலும்புகள் நசுங்கிவிடலாம். கார்கில் போரில் 1999 மே 27 அன்று விமானி நச்சிகேதாவின் மிக்-27 எஞ்சின் அணைந்து அவர் குதித்தார், பாகிஸ்தானிடம் பிடிபட்டு எட்டு நாளில் விடுதலை. முதுகுக் காயத்தால் போர் விமானத்தை விட்டுவிட்டுப் போக்குவரத்து விமானங்களுக்கு மாறினார். அபிநந்தனோ 2019 செப்டம்பரிலேயே அப்போதைய விமானப்படைத் தளபதி தனோவாவுடன் மிக்-21ல் பறந்துவிட்டார், 2021ல் வீர் சக்ராவும் வாங்கினார்.

கோட்டையூரான்:
பாருல்கரை விட்டுவிட்டீர்களே அண்ணே. 1971 போரில் பிடிபட்ட விமானி, அடுத்த ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து இரண்டு சகாக்களோடு தப்பினார். ஆப்கன் எல்லைக்குச் சில மைல்தான் பாக்கி. அங்கே லண்டி கோட்டலில் போய், லண்டி கானாவுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். ரயில் நின்று நாற்பது வருஷமான ஸ்டேஷனை யார் கேட்பார்கள்? அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். டிசம்பரில் வாகா வழியாக ஊர் திரும்பி, குரூப் கேப்டன் வரை போனார். தப்பிக்கப் பார்த்தவரையே வைத்துக்கொண்டார்கள், ஆத்தாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், பையனுக்கு முதலில் கண் டெஸ்ட் எடுத்தாச்சா? நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்கள்.