பழைய மாஸி 1035 டிராக்டரில் விறகு பிளக்கும் மெஷின்: டிப்பர் லைனே போதுமா, தனி பம்ப் வேண்டுமா?

செங்குன்றம் விறகுத்தொட்டி:
வணக்கம். தொட்டிக்கு வருவது வேம்பு, தூங்குமூஞ்சி, நடுவில் கொஞ்சம் புளி. கோடாலிக்கு அடங்காத அடிமரம்தான் அதிகம். ஐ-பீம் பிரேமும் ஆப்பும் தயார். ஜாக்கி (ஹைட்ராலிக் சிலிண்டர்) 100 மிமீ போர் (உள்விட்டம்), 50 மிமீ ராடு, 600 மிமீ ஸ்ட்ரோக் (ஓடும் நீளம்), டபுள் ஆக்டிங் (போகவும் வரவும் எண்ணெயே தள்ளும்). வண்டி பழைய மாஸி 1035. டிரெய்லர் தூக்க வண்டியின் லிஃப்ட் பம்பிலிருந்து எடுத்த எண்ணெய்க் குழாய், அதாவது டிப்பர் லைன், இருக்கிறது. அதைக் கேனில் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். லைனை மூடி கேஜ் போட்டால் 140 பார் பிரஷரில் நிற்கிறது. இதிலேயே ஓட்டலாமா? இல்லை, புதுப்பேட்டையில் சல்லிசாகக் கிடைக்கும் லாரி பவர் ஸ்டீயரிங் பம்பைப் பிடிஓவில் (வண்டிக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்ட்) மாட்டலாமா?

ஹோஸ்_பிட்டர்:
ஓடும். வேகம்தான் இடிக்கும். 100 மிமீ போருக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ., 140 பாரில் சுமார் 11 டன். நேர் நார் உள்ள வேம்புக்கு இது தாராளம். முடிச்சு விழுந்த புளிக்குச் சில சமயம் திணறும். முழு ஸ்ட்ரோக்குக்கு 4.7 லிட்டர் வேண்டும், உங்கள் 15 லிட்டரில் போக 19 விநாடி. திரும்பும்போது ராடு இடம் அடைப்பதால் 3.5 லிட்டர் போதும், அதற்கு 14 விநாடி. ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல்.

டிப்பர் லைனில் ஒரே ஹோஸ்தான் இருக்கும், எண்ணெய் போன வழியே இறங்கிவிடும். இங்கே ஓபன் சென்டர் வால்வு (லீவர் நடுவில் நிற்கும்போது எண்ணெயைத் தடுக்காமல் திருப்பி அனுப்புவது) போட்டு, அதன் ரிட்டர்னைத் தனியாக முக்கால் இஞ்ச் ஹோஸில் வண்டியின் பின் ஹவுசிங்குக்கே கொண்டுபோக வேண்டும். ரிட்டர்னில் குயிக் கப்ளர் போடவே போடாதீர்கள். அது பாதி மாட்டி நின்றால் முழு பிரஷரும் வால்வின் டேங்க் பக்கம் ஏறி சீலைப் பிதுக்கிவிடும்.

பழைய வண்டி மெக்கானிக்:
மாஸி லிஃப்டின் (பின்னால் கலப்பை தூக்கும் அமைப்பு) சூட்சுமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் கை மேலே போய் நின்றதும் பம்ப் எண்ணெய் இழுப்பதை நிறுத்திவிடும், பிளக்கும் மெஷினுக்கு ஒன்றும் வராது. லிஃப்ட் கையை அடைக்காமல் அப்படியே விட்டால், மரத்தில் ஆப்பு இறுகிப் பிரஷர் ஏறும்போது கை தானாக எழும்பும். அதனால் கை கீழே இருக்கும்போதே ஐசோலேட்டரை (லிஃப்டுக்குப் போகும் எண்ணெயை அடைக்கும் வால்வு) மூடிவிட்டு லிஃப்ட் லீவரை மேலே தள்ளுங்கள். கை எழும்பாத வரை பம்ப் விடாமல் தள்ளும்.

எனக்குப் பிடிக்காதது எண்ணெய் விஷயம். பம்ப் மூழ்கிக் கிடப்பது கியர் பாக்ஸ், கிரவுன் எல்லாம் ஓடும் அதே எண்ணெயில். ஜாக்கி ராடில் ஒட்டும் மரத்தூளும் மண்ணும், ராடைத் துடைக்கும் வைப்பர் சீல் தேய்ந்தால் நேராக அங்கேதான் போகும். நின்ற இடத்தில் நாள் முழுக்க ஓட்டினால் சூடும் ஏறும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் பரவாயில்லை. தொட்டியில் தினசரி வேலைக்கு வேண்டாம்.

எண்ணெய் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஜாக்கி முழுக்க வெளியே வந்தாலும் ஹவுசிங்கில் குறைவது ராடு அளவுக்குத்தான், 1.2 லிட்டர். முதல் தடவை ஜாக்கியும் ஹோஸும் நிரம்பிய பிறகு டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள், அவ்வளவே.

அம்பத்தூர் ஹைட்ராலிக்ஸ்:
தினசரி வேலை என்றால் பிடிஓ பம்ப்தான். பவர் ஸ்டீயரிங் பம்பை மறந்துவிடுங்கள். அதற்குள்ளேயே ஃப்ளோ கண்ட்ரோல் இருக்கிறது, எவ்வளவு சுற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் தராது. இப்போது வருவதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிஓவின் நிமிடத்துக்கு 540 சுற்றை நேராகக் கொடுத்தால் 74 சிசி பம்ப் (ஒரு சுற்றுக்கு 74 மி.லி. தள்ளுவது) தேவை, விலை எகிறும். வேகத்தை மூன்று மடங்காக்கும் 1:3 ஸ்டெப்-அப் கியர் பாக்ஸ் போட்டால் 1620 சுற்று, 25 சிசி கியர் பம்ப் போதும். 150 பாரில் 16 குதிரைத்திறன் இழுக்கும், உங்கள் வண்டிக்கு அது சுமையே இல்லை. போக 7 விநாடி, வர 5 விநாடி.

சுழலும் திசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ கடிகார முள் திசையில் சுற்றும். ஒற்றை ஜோடி கியர் அதைத் திருப்பிவிடும். பம்ப் கியர் பாக்ஸின் பின்புறம் உட்கார்ந்தால், பம்பின் ஷாஃப்ட் முனையிலிருந்து பார்க்க அது வலச்சுற்று பம்பாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் உறிஞ்சும் பக்கம் பிரஷர் ஏறி, முதல் நிமிடத்திலேயே ஷாஃப்ட் சீல் போய்விடும். பழைய டிப்பர் லாரி பம்ப் வாங்குவோர் இதைப் பார்த்தே வாங்கவும். புது கியர் பாக்ஸ் பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல் காலியாகத்தான் வரும், ஊற்றாமல் ஓட்டாதீர்கள். பாக்ஸ் தானும் சேர்ந்து சுற்றாமலிருக்க வண்டியோடு செயின் போட்டுக் கட்டுவது கட்டாயம்.

டேங்க் 60 முதல் 80 லிட்டர், எண்ணெய் மட்டம் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். நம்மூர் வெயிலுக்கு 68 கிரேடு எண்ணெய். சக்‌ஷன் ஹோஸ் ஒண்ணேகால் இஞ்ச், உள்ளே கம்பிச்சுருள் உள்ளது. சாதா ரப்பர் ஹோஸ் உறிஞ்சலில் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், பம்ப் கூவ ஆரம்பிக்கும். பிரஷர் பக்கம் அரை இஞ்ச். ஜாக்கி திரும்பும்போது வெளியேறுவது 40 அல்ல, 53 லிட்டர், அதனால் ரிட்டர்ன் ஃபில்டரைப் பெரிதாகப் போடுங்கள். ரிட்டர்ன் குழாய் முனை எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும், மேலிருந்து கொட்டினால் நுரைத்து மோர் மாதிரி ஆகிவிடும். பிரஷர் அளவு மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு 160 பார்.

செங்குன்றம் விறகுத்தொட்டி:
தெளிவாகிவிட்டது அண்ணே, தனி பம்புக்கே போகிறேன். அது வரும்வரை டிப்பர் லைனில் ஓட்டுவதாக இருந்தால் அந்த அரை நிமிடத்தைக் குறைக்க வழி உண்டா?

ஹோஸ்_பிட்டர்:
உண்டு, செலவே இல்லை. உங்கள் கட்டை ஒன்றரை அடி என்றால் ஆப்பை முழுசாகப் பின்னால் இழுக்காதீர்கள். கட்டை நுழையும் அளவுக்கு 50 செ.மீ. இடைவெளி வந்ததும் லீவரை விட்டுவிடுங்கள். நேர் நார் மரம் பாதிக்கு முன்பே பிளந்துவிடும், கடைசி வரை தள்ள வேண்டாம்.

வால்வு வாங்கும்போது திரும்பும் பக்கம் மட்டும் லாக் ஆகிற மாதிரி கேளுங்கள். முன்னே தள்ளும் பக்கம் கையை எடுத்ததும் நடுவுக்கு வந்துவிட வேண்டும். கட்டை வைப்பவரும் லீவர் பிடிப்பவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது.

பழைய வண்டி மெக்கானிக்:
பிடிஓ ஷாஃப்டுக்குப் பிளாஸ்டிக் கவர் இல்லாமல் ஓட்ட விடாதீர்கள். தொட்டி ஆட்கள் லுங்கியும் தோளில் துண்டுமாகத்தான் நிற்பார்கள். ஹோஸில் ஊசித்துளை கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டையைக் காட்டிப் பாருங்கள். அந்தப் பிரஷரில் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அப்படி ஆனால் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே கொண்டுபோங்கள், என்ன எண்ணெய் என்பதையும் சொல்லுங்கள்.