1982 லத்தூர் திறக்கப் போகிறவர்களுக்கு

பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினான சாடோ லத்தூரின் 1982 அறுவடைப் பாட்டில் கையில் இருக்கிறவர்கள் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாற்பது வருஷம் பொறுமையாக இருந்த ஒயின், கடைசி அரை மணி நேர அவசரத்தில் கெட்டுப்போவதுதான் அடிக்கடி நடக்கிறது. போயாக் ஊரில், ஜிரோந்து கழிமுகத்தை ஒட்டிய தோட்டம் இது. மேலே கூழாங்கல், அடியில் களிமண். 'லான்க்ளோ' என்று சொல்லும் நடுப்பகுதி சுமார் 47 ஹெக்டேர். கிராண்ட் வின் எனப்படும் முதல் ஒயினுக்குத் திராட்சை அங்கிருந்துதான். பெரும்பங்கு காபர்னே சோவினியோன் என்ற திராட்சை வகை, அதனால் டானின் எனும் துவர்ப்புப் பொருள் கனம். இளமையில் குடித்தால் நாக்கு உலர்ந்துபோகும்.

முதல் வேலை: பாட்டிலை இரண்டு நாள் நேராக நிறுத்துங்கள். தூரத்திலிருந்து வந்த பாட்டில் என்றால் முதலில் இரண்டு வாரம் அசையாமல் கிடக்கட்டும். படுத்திருந்தபோது பக்கவாட்டில் படிந்த மண்டி அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அந்த மண்டி அழுக்கு இல்லை. டானினும் நிறமிகளும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கனம் தாங்காமல் கீழே விழுந்தவை. ஆனால் கிளாஸில் விழுந்தால் கசக்கும், நறநறக்கும்.

*

வாங்கும்போதே பாட்டிலில் ஒயின் மட்டத்தைப் பாருங்கள். பாட்டிலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தால் ஒயின் எந்த இடத்தில் நிற்கிறது? கழுத்தின் அடியில் நின்றால் அருமை. தோளின் மேற்பகுதி வரை இந்த வயசுக்குச் சகஜம். நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள், கார்க் வழியாகக் காற்று போய்வந்திருக்கிறது. கேப்சூலின் (பாட்டில் வாயை மூடிய உறை) கீழ் ஒட்டும் கசிவு, மேலே துருத்திய கார்க் இரண்டும் சூட்டில் கிடந்ததற்கான அடையாளம். 12, 13 டிகிரியில் ஈரப்பதத்தோடு கிடந்த பாட்டிலும், பீரோவுக்குள் கிடந்த பாட்டிலும் ஒரே லேபிள் ஒட்டியிருந்தாலும் ஒரே ஒயின் இல்லை.

*

கார்க்தான் பெரிய தலைவலி. போர்தோவின் நல்ல கார்க் 5 சென்டிமீட்டரைத் தாண்டும். குட்டைத் திருகியைப் போட்டால் மேல் பாதி கையோடு வரும், அடிப் பாதி உள்ளேயே நிற்கும். இரண்டு மெல்லிய தகடு கொண்ட 'ஆ-ஸோ' என்ற கார்க் எடுக்கும் கருவியை வாங்கி வையுங்கள். கேப்சூலைப் பாட்டில் வாயின் வளையத்துக்குக் கீழேயே வெட்டி எடுத்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, நீளத் தகட்டை முதலில் கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவில் நுழையுங்கள். அப்புறம் குட்டைத் தகடு. இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும், ஒரே அமுக்கு அமுக்கினால் கார்க் ஒயினுக்குள் விழும். கைப்பிடி வாயைத் தொட்டதும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுங்கள். கார்க் ஏற்கெனவே லூசாக ஆடினால் இது வேண்டாம். முதலில் நீளத் திருகியை நடுவில் இறக்கிவிட்டு, அது பிடித்திருக்க, தகடுகளைப் பக்கவாட்டில் இறக்குவதுதான் வழி.

வெளியே வந்த கார்க்கில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 1982க்கு விலை அதிகம், போலியும் அதிகம்.

*

டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வையுங்கள். கை நடுங்காமல், ஒரே இழுப்பில், நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும், மறுபடி இரண்டு நாள். பெரும்பங்கு தெளிவாக ஓடும். பிறகு கழுத்தின் அடிப்பக்கத்தில் ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு இழை நெளிந்து வரும். அந்த நொடியில் நிறுத்துங்கள். போர்தோ பாட்டிலின் உயர்ந்த தோள் மண்டியைக் கொஞ்சம் தடுத்துப் பிடிக்கும், ஆனால் அதை நம்பி ஆசைப்படக் கூடாது. 750 மில்லியில் 30 முதல் 50 மில்லி போனால் போகட்டும்.

எவ்வளவு நேரம் காற்றாட விடுவது என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 1982 லத்தூர் இன்னும் கெட்டியான ஆள், ஒரு மணி நேரம் தாங்கும். 1972 போன்ற மெலிந்த வருஷம் என்றால் டிகேன்டரில் விட்டதும் குடித்துவிடுவதே மேல், அரை மணியில் வாசமெல்லாம் பறந்துவிடும். பரிமாறும் சூடு 16, 17 டிகிரி. 'அறை வெப்பம்' என்பது ஐரோப்பியக் கல்வீட்டின் கணக்கு, நம் வீட்டு அறைக்குப் பொருந்தாது.

*

திறந்ததும் வரும் பூட்டிய அறை வாசத்தைக் கண்டு பயப்படாதீர்கள், கால் மணியில் கலையும். ஈர அட்டைப்பெட்டி வாசம் வேறு: நேரம் ஆக ஆகக் கூடும், பழ வாசம் செத்துவிடும். அது டி.சி.ஏ. எனும், கெட்ட கார்க்கிலிருந்து வரும் வேதிப்பொருள், லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், அதற்கு மருந்தே இல்லை. நெயில் பாலிஷ் நெடி என்றால் அசிட்டிக் பக்கம் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தால் விளிம்பில் செங்கல் நிறம், மூக்கில் தேவதாரு, பென்சில் சீவல், உலர்ந்த புகையிலை.

*

சாப்பாட்டுக்கு ஒரு வரி: போயாக் ஆட்டுக்குட்டி, உப்பும் கொஞ்சம் பூண்டும் போட்டுச் சுட்டது போதும். நீலப் பாலாடைக்கட்டியைப் பக்கத்தில் வைக்காதீர்கள், பழைய ஒயினைத் தின்றுவிடும். கிளாஸ் பெரிதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

மிச்சம் இருந்தால் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மதியம் வரை நிற்கும், சாயங்காலம் நிற்காது.