மறு: ‘ஃபிஷிங்’ என்பதற்குத் ‘தூண்டில்’ – பிரெஞ்சில் செய்ததைப் பார்த்து ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். வங்கி போல நடித்து நம்மிடமிருந்தே விவரங்களைக் கறக்கும் ‘ஃபிஷிங்’ மோசடிக்குத் தமிழில் ‘தூண்டில்’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. அதற்குக் குழுவில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> ‘தகவல் திருட்டு’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் வங்கியின் கணினிக்குள் புகுந்து விவரங்களை அள்ளிச் செல்வதும் தகவல் திருட்டுதானே? ஃபிஷிங்கில் யாரும் பூட்டை உடைப்பதில்லை. “உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இந்த லிங்கைத் தொடுங்கள்” என்று இரை வைக்கிறார்கள். ஓடிபி எண்ணை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த இரை சொல்லுக்குள் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆங்கிலச் சொல்லில் இருப்பது ஓர் எழுத்து விளையாட்டு. தொலைபேசி வலையமைப்பை ஏய்த்தவர்களின் ‘ஃப்ரீக்கிங்’ என்ற பழைய சொல்லைப் பார்த்து, மீன்பிடித்தலைக் குறிக்கும் ‘fishing’ என்பதன் f-ஐ ph என்று மாற்றிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் பிரெஞ்சு மொழி அலுவலகம் விளையாட்டைக் கைவிட்டது. தூண்டில் முள்ளைக் குறிக்கும் ‘அம்சோன்’ என்ற சொல்லோடு, செயலைக் காட்டும் ‘ஆஜ்’ விகுதியைச் சேர்த்து ‘அம்சொனாஜ்’ என்றது. பிரான்சில் ‘ஃபிலுதாஜ்’ என்ற சொல்லும் முன்வைக்கப்பட்டது. ‘ஃபிலு’ என்றால் எத்தன். இன்று பிரெஞ்சு அரசின் இணையப் பாதுகாப்பு அறிவுரைகளில் நாம் காண்பது அம்சொனாஜ்தான். எத்தன் வேலை எல்லா மோசடிக்கும் பொருந்தும், முள் இந்த மோசடிக்கு மட்டுமே பொருந்தும்; அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

அவர்கள் எடுத்துக்கொண்டது முள்ளை. மீன்பிடித்தலுக்கான ‘பேஷ்’ என்ற சொல்லையோ, மீனவருக்கான ‘பேஷர்’ என்ற சொல்லையோ தொடவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு இது பெரிய விஷயம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த கரை அது. அந்தத் தொழிலின் பெயரை மோசடிக்கு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே ‘மின்மீன்பிடி’ வேண்டாம். ஏமாற்றுகிறவனுக்குத் ‘தூண்டில்காரர்’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதை அழுத்தமாகவே மறுக்கிறேன். இங்கே அது உழைக்கிற மனிதரின் பெயர். அவனுக்கு ‘மோசடியாளர்’ போதும்.

தூண்டில் என்ற கருவி ஏமாற்றுக்கு உவமையாவது நமக்குப் புதிதுமல்ல. சூதில் கிடைக்கும் வெற்றியைத் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது 931ஆம் குறள். பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் குறுஞ்செய்திக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே இருக்கிறது?

> ‘மின்தூண்டில்’ என்றால் குழப்பம் வராதே?

வரும். குளத்தில் கரண்டு வைத்து மீன் பிடிப்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. முன்னொட்டு இல்லாமலே தூண்டில் மடல், தூண்டில் தளம், குறுஞ்செய்தித் தூண்டில், அழைப்புத் தூண்டில் என்று கிளைகள் சரளமாக வருகின்றன. வினைக்குத் ‘தூண்டிலிடு’. ஒரே ஆளைக் குறிவைத்து அனுப்புவதைக் கியூபெக்கில் ‘ஆர்ப்பொனாஜ்’ என்கிறார்கள், எறியீட்டியால் குத்துவது. நமக்கு அகநானூற்றுப் பரதவரின் ‘எறியுளி’ இருக்கிறது. கலைச்சொல் அகராதியில் அதை வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்குக் ‘குறிவைத்த தூண்டில்’ போதும்.

> பிரான்சிலேயே அரசு சொன்ன சொல்லை மக்கள் எடுத்துக்கொள்வதில்லையே?

பாதி உண்மை. ஹேஷ்டேகுக்கு 2013இல் அறிவித்த ‘மோ-தியேஸ்’ ஒட்டவில்லை. ‘தியேஸ்’ என்பது இசைக்குறி, அது வேறு வடிவம் என்ற வாதமும் எழுந்தது. மின்னஞ்சலுக்குக் ‘கூரியெல்’ 2003இல் அரசிதழில் வந்தும் பலர் வாயில் ‘மெயில்’தான். ஆனால் கணினிக்கு ‘ஒர்தினதர்’ முழு வெற்றி. 1955இல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டபோது, லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே கடிதத்தில் எழுதித் தந்த சொல் அது. அப்போது ஆங்கிலச் சொல் மக்கள் வாய்க்கு வந்திருக்கவில்லை. பொருளும் பெயரும் சேர்ந்தே வந்தன. மென்பொருளுக்கான ‘லொஜிசியெல்’ கதையும் ஏறக்குறைய இதுவே.

நாம் நிற்பதும் அப்படியொரு நேரத்தில்தான். எங்கள் கடற்கரை ஊர்களில் ஆண்கள் கடலுக்குப் போனால் வாரக்கணக்காகும். வங்கிக் கணக்கோடு இணைந்த போன் வீட்டில் பெண்களிடம் இருக்கும். “பேங்க்ல இருந்துன்னு விளிச்சான், பைசா போச்சு” என்று நடந்ததை விவரிக்கிறார்கள். ‘ஃபிஷிங்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களிடம் இதற்குப் பெயரே இல்லை. தூண்டில் அவர்கள் வீட்டுச் சொல். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அப்பால் மலையாளத்தில் ‘சூண்ட’ என்பார்கள், அந்தப் பக்கத்து உறவினருக்கும் விளங்கும்.

இந்த மாதம் ஊர் நூலகத்துக்கு எழுதித் தரும் தட்டியில் இப்படிப் போடுகிறேன்: “இது தூண்டில் செய்தியாக இருக்கலாம். லிங்கைத் தொடாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.”

தீர வேண்டியது, சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி விதி மட்டும். இலக்கணப்படி தூண்டின்மடல், தூண்டிற்றளம் என்று வர வேண்டும். பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. தட்டியைப் படிக்கிறவருக்குத் ‘தூண்டில்’ முழுதாகக் கண்ணில் பட வேண்டும். இலக்கணம் அறிந்தவர்கள் மறுப்பிருந்தால் எழுதுங்கள்.