"அலட்சியம்" என்று எழுதியது யார்? – நேர்காணல் அனுபவங்கள்

சுகாதாரச் சமநீதி பற்றிக் களத்தில் வேலை செய்தவர்கள், தடுமாறிய இடங்களையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோய்ச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிய ஆய்வு அது. வருமானம் குறைந்தவர்கள்தான் அதிகம் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கை ஏற்கெனவே காட்டியிருந்தது. ஏன் என்று அறியத்தான் நீண்ட நேர்காணல்களுக்குப் போனோம்.

முதல் ஐந்தாறு பேரிடம் "ஏன் மருந்தை விட்டீர்கள்?" என்றே தொடங்கினேன். எல்லோரும் குனிந்த தலையோடு ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: "என் தப்புதாங்க, விட்டுட்டேன்." நானும் பேச்சை எழுத்தாக்கிய எழுத்துப்படிகளின் ஓரத்தில், பதிலின் சாரமாக 'அலட்சியம்' என்று குறியீடு போட்டுக்கொண்டே போனேன். அதே எழுத்துப்படிகளைத் தனியாக உட்கார்ந்து குறியிட்ட சக ஆய்வாளர் ஒருநாள் கேட்டார்: "இது யாருடைய சொல்? பேசியவர்கள் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே?"

தேடிப் பார்த்தேன். நாங்கள் பெயர்ப் பட்டியல் எடுத்த சிகிச்சை மையத்தின் பதிவேட்டில், பெயர்களுக்கு நேரே கடைசிக் கட்டத்தில், வரிசையாக "வரவில்லை – அலட்சியம்" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் அங்கிருந்து என் தலைக்குள் வந்து, ஆய்வின் முடிவாக வெளியே போகவிருந்தது. குறியீடு தரவிலிருந்து எழ வேண்டும் என்று சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இலேயே வலியுறுத்தியதைப் படித்துவிட்டுத்தான் களத்துக்குப் போயிருந்தேன். படித்தது வேறு, கை எழுதியது வேறு.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு குழியில் பாதி மாத்திரை இருந்தது. பிளேடால் வெட்டிய ஓரம் கொஞ்சம் பொடிந்திருந்தது. "முப்பது மாத்திரைய அறுபது நாளைக்கு வச்சுக்குவேன்" என்றார். மையம் திறந்திருப்பது அவருடைய வேலை நேரத்தில்தான். மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். பாதியாக வெட்டினால் அந்த இழப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். முன்பு ஒருமுறை தாமதமாகப் போனதற்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறார். கடைசியில் போவதையே நிறுத்திவிட்டார்.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டவரைத்தான் பதிவேடு அலட்சியம் என்றது. அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு எல்லா எழுத்துப்படிகளையும் முதலிலிருந்து படித்தோம். மூன்று வாரம் கூடுதலாக ஆனது. சுகாதாரத்தில் சமநீதியின்மை என்றால் தேவையற்ற, தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற வேறுபாடு என்று சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் கொடுத்த விளக்கத்தை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். 'தவிர்க்கக்கூடிய' என்பதன் பொருள் அந்தப் பாதி மாத்திரையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: மையத்தை மாலையிலும் திறந்து வைத்தாலே அதை வெட்டியிருக்க வேண்டாம்.

* * *

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு மொழிபெயர்ப்பு ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியாத மொழி பேசும் ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்தேன்; அவருடைய மகன்தான் மொழிபெயர்த்தார். மருத்துவமனையில் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டேன். பெரியவர் நான்கு நிமிடம் பேசினார், இடையில் ஒருமுறை குரல் உடைந்தது. மகன் சொன்னது: "நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்களாம்."

ஒப்புதல் படிவத்தில் ஒலிப்பதிவுக்கு இடம் இருந்ததால் பிழைத்தோம். குடும்பத்துக்குத் தொடர்பில்லாத இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்டபோது, படுக்கை விரிப்பை மாற்றச் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் ஈரத்திலேயே கிடந்ததைப் பெரியவர் சொல்லியிருந்தார். மகனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருப்பார். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தது என் தவறு.

* * *

நான் பேட்டியை விட்டுவிட்டுக் கேமராவைக் கொடுத்துப் பார்த்தவன். 'போட்டோவாய்ஸ்' என்ற முறை. 1990களில் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் உருவாக்கியது. மக்களே படம் எடுப்பார்கள், படத்தை வைத்து அவர்களே பேசுவார்கள். மற்றவர் முகம் விழுந்தால் அவருடைய சம்மதம் வேண்டும் என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் எடுத்த படத்தை முதலில் தவறி எடுத்தது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். படம் முழுக்கப் பழுப்பு நிறப் பலகை, மேல் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். குழு உரையாடலில் அவரே அதை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "பதிவு செய்யுற கவுன்ட்டர் எனக்கு இப்படித்தான் தெரியும். உள்ளே யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒருநாளும் பார்த்ததில்ல."

அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் வைத்தோம்.