கோயில் திருப்பணி டைம்லேப்ஸில் படங்கள் தாவுகின்றன, உதவி தேவை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருப்பணியை ஏழு மாதமாகத் தினம் ஒரு படம் எடுத்திருக்கிறேன், மொத்தம் 212. கும்பாபிஷேகத்தன்று பெரிய திரையில் காட்ட ஆசை. படங்களை வரிசையாகச் சேர்த்து வேகமாக ஓடும் வீடியோவாக (டைம்லேப்ஸ்) ஓட்டிப் பார்த்தால் கோபுரம் தாவித் தாவி ஆடுகிறது.

போன் சாம்சங் ஏ54. முக்காலி இல்லை, அதே செம்பனை மரத்தடியில் நின்று கையால் எடுத்தவை. ஹியூகின் என்ற பனோரமா மென்பொருளோடு வரும், படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் அலைன் இமேஜ் ஸ்டாக் கருவியில் முதல் 30 படம் அழகாக உட்கார்ந்தன. சாரம் கட்டியதும் எல்லாம் கோணல். சாரமும் நிழலும் தினம் மாறுவதால் தப்பான புள்ளிகளைப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். அப்புறம் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் விட்ஸ்டாப் என்ற ஃபில்டரைப் போட்டேன். அது தொடர் வீடியோவின் நடுக்கத்துக்கானது, இதற்குச் சரிவரவில்லை.

மண்டபத்துத் தூண்கள் இரண்டு மட்டும் எல்லாப் படத்திலும் மாறாமல் தெரிகின்றன. அந்த இரண்டு புள்ளிகளை மட்டும் பிடித்து 212 படத்தையும் நேராக்க எந்த மென்பொருள் உதவும்?